வெளி லைனுக்கு ஜீரோ

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
ஞாயிற்றுக்கிழமை. லிஃப்ட் ஓடவில்லை.
வாட்ச்மேன் சாவியைக் கொடுத்துவிட்டு
நோட்டில் என் பெயரை ‘போன்காரர்’ என்று எழுதிக்கொண்டார்.
இருக்கட்டும்.

சுவரில் சாம்பல் நிறப் பெட்டி.
நாற்பது எக்ஸ்டென்ஷன், எட்டு வெளி லைன்.
பதினோரு வருடம் முன்பு நான்தான் மாட்டினேன்.
மூடியின் உட்புறம் என் கையெழுத்து இன்னும் மங்கவில்லை:
வெளியே போக ஜீரோ.

அந்த ஜீரோ வெளியே போவதே இல்லை.
மற்ற எண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு
தான் மட்டும் உள்ளேயே நின்றுவிடும்.
முதல் இலக்கத்தை வெட்டு, மிச்சத்தை அனுப்பு.
ஜீரோ போடாதவன் யாரைக் கூப்பிட்டாலும்
இந்த நான்கு சுவருக்குள்தான் ஒலிக்கும்.

அன்றைக்கு முதலாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.
மேனேஜருக்கு எஸ்டிடி கொடு.
கிளார்க்குகளுக்கு லோக்கல் போதும்.
பேன்ட்ரிக்கு சார்?
‘டீ போடுறவனுக்கு வெளிய யாருப்பா இருக்கா?’
நான் சிரித்தேன். சிரித்தது ஞாபகம் இருக்கிறது.
பேன்ட்ரி: வெளி லைன் இல்லை.
எண்டர்.

எக்ஸ்டென்ஷன்களுக்கு நூறிலிருந்து வரிசையாக எண் போட்டேன்.
போலீஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்தது,
ஃபயர் சர்வீஸ் முதலாளி அறையில்.
யாரும் கவனிக்கவில்லை.
நூற்றியெட்டு, அக்கவுண்ட்ஸ் கோமளவல்லி மேடம்.

போன மாதம் பதினேழாம் தேதி, மாலை ஆறே முக்கால்.
துறைமுகத்துக்குப் போகவேண்டிய கடைசி பேப்பரில் சீல் குத்தும்போது
டிஸ்பாட்ச் வேதமுத்து
ஃபைல் ரேக்கின் மேல் அப்படியே சாய்ந்தார்.
மேடம் தன் நாற்காலியை இழுத்து உட்காரவைத்து
லெட்ஜர் அட்டையால் விசிறினார்.
டில்லிபாபுவின் செல் அணைந்து சார்ஜில் கிடந்தது.
கைக்கெட்டியது பேன்ட்ரி போன்.

ஒன்று, ஜீரோ, எட்டு.

கோமளவல்லி மேடத்தின் மேஜையில் மணி அடித்தது.

இந்த நேரத்தில் எவன் என்று முதலில் எடுக்கவில்லை.
அடித்துக்கொண்டே இருந்தது.
ஆம்புலன்ஸ்காரர்தான் வழி கேட்கிறாரோ என்று எடுத்தார்.
பழக்கதோஷம், வாயில் வந்தது: ‘அக்கவுண்ட்ஸ்.’
‘ஆம்புலன்ஸா? சார் மயங்கி வுழுந்துட்டாரு, சீக்கிரம் வாங்க!’
‘டில்லி, நான்தாண்டா.’
இருபதடி தூரத்தில்
ஆளுக்கொரு ரிசீவரோடு இருவரும்
திரும்பிப் பார்த்துக்கொண்டார்களாம்.

ஆட்டோவில் ஸ்டான்லிக்குக் கொண்டுபோனார்கள்.
பிழைத்துக்கொண்டார். இடது கையில் மட்டும் கொஞ்சம் பிடிமானம் இல்லை.
நாளைக்கு வேலைக்கு வருகிறார்,
அதற்குள் சரிபண்ணிக் கொடுங்கள் என்றார் முதலாளியின் மகன்.

டில்லிபாபு ஜீரோ போட்டிருந்தாலும்
பிஸி டோன்தான் கேட்டிருக்கும்.
இதை மகனிடம் நான் சொல்லவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.

புது விதியை எல்லாவற்றுக்கும் மேலே எழுதுகிறேன்:
நூறு, நூற்றொன்று, நூற்றியெட்டு, நூற்றுப்பன்னிரண்டு.
எந்தப் போனிலிருந்தும்.
ஜீரோ வேண்டாம், அனுமதி பார்க்காதே,
எதையும் வெட்டாமல் அப்படியே அனுப்பு.
எக்ஸ்டென்ஷன்கள் நானூறுக்குப் போகின்றன.
மேடம் இனி நானூற்றியெட்டு;
விசிட்டிங் கார்டுக்கு என்னைத் திட்டுவார்.
பேன்ட்ரிக்கு லோக்கலும் திறந்துவிட்டேன்.
அது ஆர்டரில் இல்லை. பில்லிலும் போடவில்லை.

சோதிக்காமல் கிளம்பக்கூடாது.
டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்
பால் கறை படிந்த ரிசீவர்.
ஒன்று, ஜீரோ, எட்டு.
அக்கவுண்ட்ஸ் மேஜையையே பார்த்தபடி நிற்கிறேன்.
அது அடிக்கவில்லை.

‘சொல்லுங்க சார், என்ன அவசரம்?’
ஒரு பெண் குரல்; அதற்குப் பின்னால் நிறையக் குரல்கள்.
லைன் டெஸ்டிங் மேடம், அவசரம் ஒன்றுமில்லை.
‘சரி சார்’ என்று வைக்கப்போனவரை நிறுத்தி
முகவரியைச் சொன்னேன்.
லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி,
லிஃப்ட் சில நாள் ஓடாது என்பதையும் சேர்த்து.