ஏழு பூனை, எட்டுத் தட்டு

பங்குனியில் வந்த காய்ச்சல்
போகும்போது எல்லாவற்றையும் திருப்பித் தந்தது,
மூக்கைத் தவிர.
கோப்பி வெந்நீர். பெருங்காயம் வெறும் தூள்.
இந்த மூக்கோடுதான்
பீல் நகரத்தில், மூன்றாம் மாடியில்,
ஏழு பூனைகளை வைத்திருக்கிறேன்,
யாராவது வந்து கேட்டுக் கொண்டுபோகும் வரைக்கும்.

முதலில் களிமண் மணல்.
நன்றாகத்தான் கட்டிபட்டது.
ஆனால் பத்துக் கிலோ; லிஃப்ட் இல்லை.
ஏற்றும்போது ஒரு பாரம், இறக்கும்போது இன்னொரு பாரம்.
இந்த ஊரில் குப்பைப் பையையும்
நகரசபை முத்திரையோடு காசுக்குத்தான் வாங்கவேண்டும்.
பூனை மூத்திரத்துக்கு வழிச்செலவு கொடுத்து
அனுப்பிவைக்கிறேன் என்று
மாதக் கணக்கு எழுதும்போது சிரிப்பு வரும்.

பிறகு மரக்குருணை.
பாரமில்லை, விலையுமில்லை.
சாம்பசிவம் அதை முகர்ந்து பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
குளியலறைக் கால்மிதியில் போய்க் குந்தினான்.
கண்ணாடிக் கல் போன்றதைப் போட்டபோது
மிளகு ஒவ்வொரு காலாக உதறிக்கொண்டு வந்தாள்,
மழைத்தண்ணீரில் மிதித்தவள் மாதிரி.

லவெண்டர் போட்டதை வாங்கினேனே, அது சுத்த மடத்தனம்.
மணக்கிறதா நாறுகிறதா,
எனக்கெப்படித் தெரியும்?
மேல்வீட்டு மதாம் வியூமியே இறங்கிவந்து
பிரெஞ்சில் சொன்னாள்,
விளங்கட்டுமென்று ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள்:
‘பூந்தோட்டத்தில் யாரோ மூத்திரம் பெய்திருக்கிறார்கள்.’

அவளைத்தான் பிடித்துக்கொண்டேன்.
கடிகாரத் தொழிற்சாலையில்
எண்ணெயின் வயதை மணந்தே சொன்ன மூக்காம்.
ஞாயிறு பத்து மணிக்கு வாசலில் நிற்பாள்,
கண்ணை மூடி ஒரேயொரு மூச்சு.
பிறகு விரல்கள்: பத்துக்கு நான்கு, பத்துக்கு ஏழு.
ஏழென்றால் நான் சோடாப் பொடியோடு
சோபாவுக்கு அடியில் ஊர்வேன்.
பதிலுக்கு அவளுடைய பழைய பத்திரிகைகளை
நூலால் கட்டிக் கீழே இறக்கிவைக்கிறேன்.

நாற்றம் என்பது ஒருகாலத்தில்
நல்ல வாசனைக்குப் பெயராம்.
எந்தத் தெருவில் வழுக்கி விழுந்ததோ அந்தச் சொல்!
என் வீட்டில் அது இன்னும் எழும்பவுமில்லை,
விழவுமில்லை.

மூக்கின் வேலையைக் கண் செய்யத் தொடங்கியது.
காலை ஐந்தரை, மாலை ஏழு, சல்லடைக் கரண்டி.
கறுவாவின் உருண்டை எலுமிச்சங்காய்.
மிளகினது நெல்லிக்காய்.
சாம்பசிவத்தினது
(கடைசித் தட்டு, ஜன்னலோரம், வேறு யாருக்கும் அனுமதியில்லை)
நல்ல உருளைக்கிழங்கு.

தை மாதம், ஒரு வியாழன்,
உருளைக்கிழங்கு இல்லை.
கடலை அளவில் மூன்று.
அவன் தட்டுக்குள் போவதும் வருவதுமாய்,
எதையோ தொலைத்தவன் மாதிரி.
வீட்டில் ஒரு வாடையும் இருந்திருக்காது.
பனியில் டாக்சி பிடித்தேன்.
‘அடைப்பு,’ என்றாள் மிருக வைத்தியர்,
‘விடியும் வரை விட்டிருந்தால்…’
மிச்சத்தைச் சொல்லாமல் கையுறை மாட்டினாள்.

மரக்குருணையில்
கடலையும் தெரிந்திருக்காது, கிழங்கும் தெரிந்திருக்காது.
ஆகவே மறுபடியும் களிமண்.
பொடி மணல், வாசனை எதுவும் போடாதது, பத்துக் கிலோ.
இரண்டாம் மாடியில் ஒருமுறை இறக்கிவைத்து
மூச்சு வாங்குகிறேன்.

போன ஞாயிறு மதாமுக்குத் தடிமன்.
சிவந்த மூக்கோடு, கைலேஞ்சியோடு,
இருந்தாலும் சரியாகப் பத்துக்கு வந்துவிட்டாள்.
மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை.
இன்னொருமுறை இழுத்தாள்.
வாசலில் இரண்டு பெண்கள்,
இரண்டு பேருக்கும் மூக்கு இல்லை.
உள்ளே ஏழு பூனைகள்
தீர்ப்புக்குக் காத்திருந்தன.

மூன்று, என்று விரல் காட்டினாள்,
நம்பிக்கையில்.