அரைப்பேர்

ரிஸ்கான் சலூனில் எனக்கு
ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது.
கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டான்:
"விதுர்ஷனுக்கு எழுபத்தையாயிரமா?
மாசத்துக்கா?"

கண்ணாடிக்குள் எல்லாத் தலையும் திரும்பின.
கண்ணாடிக்குள் எங்கள் எல்லோருக்கும்
வலது இடதாக இருந்தது.
பணியக்கணக்குப் பையன் அவன் ஒருத்தனுக்குத்தான்
வெளியிலும் இடதுகால்.

கொழும்பில் ஒரு ஹோட்டல்.
நாற்பது பெயர், ஐந்து கிளப்,
போன முறை கடைசியாக வந்த கிளப்புக்கு
முதல் ஆளை எடுக்கும் உரிமை.
"நல்ல சட்டம்" என்றார் லோகிதாசன்,
பொகவந்தலாவை பஸ் ஓட்டுகிறவர்.
"கடைசியா நிக்கிறவனுக்கு முதல் தெரிவுன்னா
எங்க லயத்துக்கு இந்நேரம்
தார் ரோடு வந்திருக்கும்."

சிரிப்பு அடங்க முன்னமே
சிகரெட் பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டார்.
பதினொரு கோல். ஒரு கோலுக்கு இவ்வளவு.
கோலுக்குக் கொடுத்த பாஸ் கணக்கில் வருமா?
வராது என்றார்.
அப்படியானால் கொழுந்தை மட்டும் நிறுத்துவிட்டு
கவ்வாத்து வெட்டியவனை விட்டுவிடுவதா என்று
மூலையிலிருந்து யாரோ.

சமிந்த சொன்னான், தமிழில்தான்:
"மழையில ஆடுவான் மச்சான்.
கொழும்பு புழுக்கத்தில அரை மணி.
அதுக்குப் பிறகு ஐஸ் கட்டி மாதிரி."

தேயிலையும் கொழும்புக்குத்தான் போகிறது ஏலத்துக்கு.
ஒரு கரண்டி உறிஞ்சி
நாக்கில் உருட்டி
துப்பிய பிறகுதான் விலை சொல்வார்களாம்.
பையனைத் துப்பாமல் எடுத்தால் போதும்
என்று நினைத்தேன்.
வாயில் நுரை இருந்ததால் சொல்லவில்லை.

நுரையைத் துடைத்ததும் நான் சொன்னது வேறு.
அரையிறுதியில் அவன் அடித்த பெனால்டி
கம்பத்துக்கு மேலால், வேலிக்கு மேலால்,
ஏழாம் நம்பர் மலைக்குள் போய் விழுந்தது.
தேடப் போனவர்களில் நானும் ஒருத்தன்.
இரண்டு அட்டை, ஒரு செருப்பு நட்டம்.
பந்து கிடைக்கவில்லை.
புதுப் பந்து மூவாயிரத்து எண்ணூறு,
என் பங்கு இருநூறு.
இவனுக்கு ஐம்பதே அதிகம்.

அப்போதுதான் வாசலில் கோகிலவாணி.
அவன் அக்கா.
பக்கத்துக் கடைக்குப் போட்டோகொப்பி எடுக்க வந்தவள்,
கையில் பதினான்கு பக்கம்,
விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை.

"பேசுறீங்களே, ஏழாம் பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.
எங்களுக்குத் தொகை மட்டும்தான் காற்றில் வந்திருந்தது.

"காயம் ஆறு வாரத்துக்கு மேல போனா
பாதிச் சம்பளமாம்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ குறைஞ்சா
எனக்கு அரைப்பேர்.
சாக்குல ஈரம்னு ரெண்டு கிலோ கழிவு வேற.
இத எனக்கு யாரும் விளக்கத் தேவையில்ல."

அங்கேயே நின்று கிளப்புக்குப் போன் எடுத்தாள்.
ரிஸ்கான் ரேடியோவைக் குறைத்தான்.
"கால் உடையிறது உங்க கிரவுண்டுல.
கழிவு மட்டும் எங்க தராசுலயா சேர்?"

பிறகு நீண்ட நேரம் அவள் பேசவில்லை.
"ம்" என்றாள். "ம்."
மல்லியப்பூச் சந்தியில் ஒரு லொறி
கியர் மாற்றி ஏறுவது கேட்டது.

எழுபது. ஏழாம் பக்கக் கோடு வெட்டு.

அவள் போன பிறகு அரை மணி நேரம்
அதற்கே சண்டை.
ஐயாயிரத்தை விட்டது மடத்தனம் என்றார் லோகிதாசன்,
இருபது வயதில் யாருக்கு முழங்கால் போகும்?
சமிந்த தன் கால்சட்டையைச் சுருட்டி
தழும்பைக் காட்டினான்.
அவனுக்குப் பத்தொன்பதில்.
அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.
கிளப் தெரிந்தெடுக்க வேண்டியது
தம்பியை அல்ல என்றான் ரிஸ்கான்,
மறு கன்னத்தில் கத்தியை வைத்தபடி.

கொழும்புக்கு முதல் பஸ் விடிய நாலே காலுக்கு.
வழியனுப்பப் போனேன், பனியில்.
இருநூறு ரூபாயைக் கேட்கலாமென்றுதான்.
அவன் பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு
வெறுங்காலால் ஒரு பிளாஸ்டிக் போத்தலை
சுவரில் அடித்துக்கொண்டிருந்தான்,
இடது, இடது, இடது.
மூன்று முறையும் ஒரே கல்லில்.

கேட்கவில்லை.
ஆனாலும் சொல்கிறேன்,
ஐம்பத்தைந்து. அதற்கு மேல்
ஒரு சதம் கிடையாது.