கடல் அவன் பக்கம்

நாற்பதைத் தாண்டவில்லை இஹ்ஸான்.
நான்கு வருடமாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்,
ஆம்புலன்ஸைச் சிவப்பு விளக்கில் அவன் நிறுத்திப் பார்த்ததில்லை.
இன்று கார்டன்ஸ் பேயில்
ஒரு வாத்துக் குடும்பத்துக்காக நின்றான்,
கடைசிக் குஞ்சு நடைபாதை ஏறும்வரை.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
"அடிக்கட்டும். உயிர் போகிற அவசரமா என்ன" என்றான்.
பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் பேசவில்லை.

மச்சானின் பழைய டொயோட்டா.
பின்னால் மீன்பெட்டி, சீட்டுறைவரை ஊறிய ஸ்னூக் வாடை.
சைரன் சுவிட்ச் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தஸ்பீஹ் மாலை தொங்கியது.
வளைவு வரும்போதெல்லாம் என் கை தேடிப் போய்
மணிகளில் முட்டித் திரும்பியது.

மடியில் காகிதப்பை.
அவன் சின்னம்மா ஞாயிறு தவறாமல் பொரிப்பது:
ஏலம், சோம்பு, காய்ந்த ஆரஞ்சுத்தோல்,
பாகில் முக்கித் தேங்காய் பூசிய கோசிஸ்டர்.
"ஸொலேகா, ஒன்றாவது மிச்சம் வை"
என்றான், ஏற்கெனவே மூன்று தின்றவன்.

மலையைக் கடித்துக் கடித்துப் போட்ட சாலை.
என் பக்கம் பாறை.
துருநிறப் பாசி, கசியும் நீர்,
வெடிப்பிலிருந்து தலை நீட்டிய ஒற்றைப் புரோட்டியா.
கடல் அவன் பக்கம்.
அவனால் பார்க்க முடியாது, வளைவுகள் விடாது.
நான் அவனைத் தாண்டித்தான் பார்க்கவேண்டும்:
மூக்கு, ஜன்னல், நீலம்.

விரிகுடாவுக்கு அப்பால் கேப் டவுன்.
மலையடியில் புகைநிறத்தில் ஒரு கோடு.
அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது வியாழன் இரவு.
அந்தத் தெரு, மூன்றாவது வீடு,
கதவைத் திறந்து
"சீக்கிரம் வந்துவிட்டீர்கள், நன்றி" என்ற அந்த அம்மா.
சீக்கிரமாய்த்தான் போனோம்.
ஏழு நிமிடம்.
கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடினேன்.
நகரம் முழுதும் மறைந்தது.
அந்தக் கதவு மறையவில்லை.

கோகெல் பே தாண்டி ஒரு திருப்பம்.
ஓரத்தில் ஏழெட்டுக் கார்கள் கோணல்மாணலாய்.
நடுச்சாலையில் தொப்பிக்காரர் ஒருவர்
இரண்டு கைகளையும் வீசுகிறார்.
இஹ்ஸான் பிரேக் மிதித்தபோது
என் பெல்ட் கழன்றாகிவிட்டது.
அவன் மணி பார்த்துவிட்டான்: பத்து நாற்பத்தொன்று.
இல்லாத கையுறையைத் தேடிக்கொண்டே ஓடினேன்,
விரலெல்லாம் தேங்காய்த்துருவல்.
"எத்தனை பேர்?"
"மூன்று" என்றார். "ஒன்று குட்டி."

அடிவயிறு இறங்கியது.
அப்புறம்தான் அவர் கை போன திசையைப் பார்த்தேன்.

கீழே ஒரு கரும்பாறை மூச்சு விட்டது.
இன்னொன்று புரண்டு
வெள்ளைத் தழும்பேறிய தாடையைக் காட்டியது.
அதன் முதுகில் ஏறிச் சறுக்கி,
மறுபடி ஏறிச் சறுக்கி,
ஒரு படகு நீளத்துக்குக் குட்டி.

இஹ்ஸான் மூச்சிரைக்க வந்து நின்றான்.
கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு:
மீன்பெட்டியில் கிடந்த துண்டு.
அதை வைத்து எந்த ரத்தத்தை நிறுத்தப் போனானோ.
யார் முதலில் சிரித்தது தெரியாது.
தடுப்புச்சுவரில் உட்கார்ந்தான்,
துண்டில் முகத்தைப் புதைத்தான்,
தோள்கள் குலுங்கின.
எந்த இடத்தில் அது சிரிப்பில்லாமல் போனதென்று
நான் கவனிக்கவில்லை.
திமிங்கிலத்தின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.
நிமிடத்துக்கு ஒன்று.
அதற்குப் போதும் போல.

காருக்கு வந்தால் நான்கு கதவும் திறந்தபடி.
பானெட்டின் மேல் ஒரு பபூன்,
காகிதப்பையை உதறி உள்ளே எட்டிப் பார்க்கிறது.
ஒன்றும் மிச்சமில்லை.
"சின்னம்மாவிடம் சொல்லாதே" என்றான்,
குரல் இன்னும் கரகரத்தது.

திரும்பும்போது சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.
ஒருநாளும் தராதவன், தந்தான்.
இப்போது பாறை என் பக்கம்,
கடல் மறுபடியும் அவன் பக்கம்.
ஜன்னலை முழுக்க இறக்கி முகவாயை வைத்துக்கொண்டான்.
மீனும் உப்பும் மலைப்புதரின் கசப்பும் உள்ளே அடித்தன.
வழியெல்லாம் பேச்சில்லை.
ஒரே ஒருமுறை, "அதோ" என்றான்.
நான் பார்க்கவில்லை.
வளைவு.