அடுப்படி இருந்த இடத்தில் ஒரு மேப்பிள்

பாலம் போன பிறகு இந்த இடம் எப்படி இருக்கும் என்று
பாலம் இருக்கும்போதே காட்டுவது என் வேலை.

ஒரு சொடுக்கில் அறுபது தூண்களைப் பிடுங்கினேன்.
இன்னொரு சொடுக்கில் வானம்.
வரிசையாக மேப்பிள் மரங்கள், மே மாதத்துப் பச்சையில்.
நியூயார்க் மாநிலத்தின் இந்த வடக்கு மூலையில்
மே மாதமே பதினைந்து நாள்தான்,
படத்திடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

பிறகு மனிதர்கள்.
மனிதர்கள் ஒரு கோப்பில் இருக்கிறார்கள்:
காபிக் கோப்பையுடன் ஒருத்தி,
பலூன் பிடித்த பிள்ளை,
சைக்கிளை உருட்டிப் போகும் தாடிக்காரன்.
எல்லோரையும் கொஞ்சம் கண்ணாடியாக்க வேண்டும்
பின்னால் உள்ள கடைகள் தெரிவதற்கு.

எர்மோன் மலை பாப்டிஸ்ட் சபையின் கீழ்த்தளத்தில்
படத்தை நிறுத்தி வைத்த மாலை பனி கொட்டியது.
மடக்கு நாற்காலிகள் போதவில்லை.
ஒடெஸா டில்லரி,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை,
சீருடையோடு வந்தவள்,
ஒரு மரத்தின் மேல் விரலை ஊன்றினாள்.
"இது என் அடுப்படி."

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
அடுப்படிதான்.

கூட்டம் சிரித்தது. அடங்கும்வரை நின்றாள்.
"பாலம் போட வந்தபோதும்
இப்படித்தான் ஒரு படம் வைத்தார்களாம்.
அதிலும் வானம் நல்ல நீலமாம்."

அன்றிரவு அந்த மரத்தை அழித்தேன்.
அவள் வீடு தப்பியது என்னால் அல்ல,
அடியில் ஓடிய பழைய சாக்கடைக் குழாயால்.
அதை நகர்த்த யாரிடமும் பணமில்லை.

இரண்டு கோடை பிடித்தது இடிக்க.
இரும்புத் தாடை கான்கிரீட்டைக் கடித்துத் துப்பியது.
தூசி அடக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவன்
ஒடெஸாவின் தம்பி லைனஸ்,
மணிக்கு இருபத்தொன்பது டாலர்.
பால்குடி வயதிலிருந்து அவனுக்கு இழைப்பு கொடுத்த பாலம்
போகிற போக்கில் சம்பளமும் கொடுத்தது.

பிறகொரு நாள் அந்த வழியே போனேன்.
உள்ளே கூப்பிட்டாள்.
அடுப்படிச் சுவரில்
காலைப் பத்து மணி வெயில்,
யாரைக் கேட்டு வந்தோம் என்று தெரியாத விருந்தாளி மாதிரி
கூசி நின்றது.

"இரவெல்லாம் துவைத்துவிட்டு வந்து படுத்தால்
மூஞ்சியில் அடிக்கிறது.
பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன்,
இப்போதுதான் முதன்முதலாகத் திரைச்சீலை வாங்கினேன்."

சத்தம் போனதும் தூக்கம் போனதாம்.
பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறும்
தடக்-தடக்
இல்லாமல் கண் மூடவில்லையாம்.
மின்விசிறியின் மூடியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

குளிர்பெட்டியின் கதவில்
காந்த வாத்துக்கு அடியில் ஒரு கடிதம்:
அடுத்த மாதத்திலிருந்து வாடகை
இருநூற்று அறுபது டாலர் கூடுதல்.
"வெயிலுக்கு ரசீது" என்றாள்.
சிரித்தாளா என்று
திரையின் இருட்டில் தெரியவில்லை.

வெளியே வந்தால்
நான் போட்ட இடத்திலேயே பெஞ்சு.
அதில் காபிக் கோப்பையுடன் ஒருத்தி,
கோப்பிலிருந்து இறங்கி வந்தவள்போல,
ஆனால் நிழல் விழும் உடம்போடு.
நல்ல காலை, நன்றாகத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.
ஒடெஸா குப்பைப் பையோடு தெருவைக் கடந்தாள்,
நான்கு எட்டில்.
முன்பு அதற்கு ஒரு சுரங்கப்பாதையும்
கொஞ்சம் துணிச்சலும் வேண்டியிருந்தது.
பெஞ்சுக்காரி கால்களை மடக்கி வழி விட்டாள்.
இருவரும் எதுவும் பேசவில்லை.

இப்போது வேறொரு ஊர், வேறொரு பாலம்.
கோப்பைத் திறந்து
சலவைக்கூடச் சீருடையில்
குப்பைப் பை சுமக்கும் ஒருத்தியைத் தேடினேன்.
இல்லை.
வரைய அரை நாள் ஆனது.

கண்ணாடியாக்கும் பொத்தானைத் தொடவில்லை.
பின்னால் ஒரு கடை மறைகிறது.
மறையட்டும்.