665831

முன்னால் நிற்கும் டிரைலரில் நீலப் பெட்டி.
துருவேறிய கதவின் மேல் வெள்ளையில் 665831.
பக்கத்தில் கட்டம் கட்டிய ஏழாவது இலக்கத்தை
நான் சேர்த்துக்கொள்ளவில்லை.
அது எழுத்துப் பிழை பிடிக்க வைத்த காவலாள்.

எர்ணாவூரில் சாயங்காலமே வரிசை நின்றுவிட்டது.

இரண்டு இல்லை, கடைசி ஒன்றே சொல்லிவிடும்.
மூன்று இல்லை, கூட்டினால் இருபத்தொன்பது.
ஐந்தைத் தொடவே வேண்டாம்.
ஏழுக்கு மீதி ஐந்து. பதினொன்றுக்கு மீதி ஒன்று,
அந்த ஒன்று மட்டும் இல்லாதிருந்தால்!
பதின்மூன்றுக்குப் பத்து.
எடைமேடைச் சீட்டின் பின்பக்கம் நிரம்பியது.
தியாகராயா காலேஜில் ரெண்டு வருஷம் பி.எஸ்சி. கணக்கு;
மூன்றாவது வருஷ ஃபீஸுக்கு
மீதி எதுவும் இல்லை.

"இன்னாத்துக்குண்ணா இது,
வகுந்தா டீசல் ஊத்துவானா?"
கிளீனர் மஸ்தான் கேட்டான்.
எதாலும் வகுபடலன்னா அது பகா எண்டா,
யாரும் பங்கு போட முடியாது.
"அப்ப கூட்டாளியே இல்லியா, பாவம்"
என்று லுங்கியை முகத்துக்கு இழுத்துத் தூங்கிப்போனான்.

எதுவரை வகுப்பது? வர்க்க மூலம் வரை.
எண்ணூற்றுப் பதினாறுக்கு மயிரிழை குறைவு
என்று ஓரத்தில் குறித்துவைத்தேன்,
குறித்ததோடு சரி.

திருவொற்றியூர் தாண்டும்போது 211.
மேற்கே மணலியின் புகைபோக்கியில் நெருப்பு
தனியாக விழித்திருந்தது.
503இல் ஒரு தப்பு. அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே 601,
வரிசை நாலு வண்டி நகர்ந்தது, மறுபடி நின்றது.

விடியும்போது ஜீரோ கேட்.
809க்கு மீதி இருபத்துநாலு.
நூற்று நாற்பது பேரைக் கேட்டாயிற்று,
எல்லாரும் கை விரித்தார்கள்.
இன்னும் ஒரே ஒருத்தர் பாக்கி.
இது பகா எண்தான் என்று மனசு கையெழுத்தே போட்டுவிட்டது.

சீல் பார்க்கும் டெல்பின்
நீலப் பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டு
என் ஜன்னலுக்கு வந்தாள். சீட்டைத் திருப்பினாள்.
ஓரக் குறிப்பில் விரல் நின்றது.
"எண்ணூத்திப் பதினாறை அதாலயே பெருக்கு.
இருபத்தஞ்சு கூட வரும்.
அஞ்சஞ்சு இருபத்தஞ்சு.
அஞ்சு கீழ போ, அஞ்சு மேல போ. முடிஞ்சிது."

811. 821.
இடையில் வேறொரு பகா எண்ணும் கிடையாது,
ஒரே சந்தில் எதிரெதிர் வாசல்.
கீழேயிருந்து ராத்திரி முழுக்க ஏறி வந்தேன்;
உச்சியில் நின்று ஒரு தரம் குனிந்திருந்தால் போதும்.
எண்ணூர் சாலையிலேயே நின்றுகொண்டு
எண்ணூறுகளைத் தேடாமல் விட்டேன்.

எங்கே படித்தாள் என்று கேட்கப்
பின்னாலிருந்த ஹாரன்கள் விடவில்லை.

"டேய் மஸ்தான், அதுக்குள்ள
ரெண்டு பேர் இருந்திருக்காங்கடா."

அவன் துள்ளி எழுந்தான்:
"பொட்டிக்குள்ளயா?"