தும்பிக்கை வைத்த எழுத்து

ஈரோட்டில் ஒரு பிரஸ்ஸில்
எழுத்துக் கோக்கிறவன் நான்.
பெருந்துறைத் தெய்வானையின் பேரை
இருபத்தேழு வருசமாய்த்
தலைகீழாகத்தான் படித்திருக்கிறேன்.

முதல் நோட்டீஸில்
ராஜபார்ட்டுக்கு மரக்கட்டை எழுத்து,
ஸ்திரீபார்ட்டுக்கு அதில் பாதி.
ஆர்மோனியத்துக்கும் கீழே, பந்தல்காரருக்கும் கீழே
பத்துப் பாயிண்டில், புள்ளி தேய்ந்து,
'இடையிடையே தெய்வானையின் சைக்கிள்'.
அதையும் மாற்றிக் கோத்துவிட்டேன்:
'இடையிடையே சைக்கிளின் தெய்வானை'.

பிழையில்லை என்று பிற்பாடு தெரிந்தது.
ஒற்றைச் சக்கரத்தில் நின்றபடி
தோளில் துண்டு போட்டாளென்றால்
கண்ணபுரம் சந்தைத் தரகர்.
துண்டுக்கடியில் இடக்கை வாங்கும், வலக்கை விற்கும்,
விரல்கள் விலை பேசும்,
மூஞ்சி மட்டும் நமக்கு.
"மாட்டுக்குப் பல்லு ஆறுங்க,
உங்களுக்கு எத்தனைங்க?"
முன்வரிசையில் நிஜத் தரகர் ஒருத்தர்
விருட்டென்று எழுந்துபோய் வெளியே பீடி குடித்துத்
திரும்பி வந்து
தன் துண்டை மேடைமேல் எறிந்தார்.
பதினாலு வருசம் அந்தத் துண்டுதான்.

பேர் ஏறியது. ஆர்மோனியத்தைத் தாண்டி,
ஸ்திரீபார்ட்டைத் தாண்டி.
ஒருநாள் அவளே வந்து
தீக்குச்சியால் ராஜபார்ட்டின் பேரை அளந்தாள்,
தன் பேரை அளந்தாள்.
"அரைக்குச்சி கம்மிங்க."
"இருக்கறதே அவ்வளவுதானுங்க அம்மிணி."
"அப்ப அவரைச் சின்னதாக்குங்க."

ஆக்கினேன்.

மறுவருசம் ஆசாரியிடம் நின்று
பூவரசில் நாலெழுத்து செதுக்கி வாங்கினாள்.
கடைசி எழுத்து பழைய னை,
ஒரே கட்டையில், முன்னால் சுருண்டெழும் துதிக்கையோடு.
"பேருலயே ஆனை இருக்குதுங்க,
நல்லாத் தூக்கியிருக்கோணும்."

கொட்டகைகளில் வெள்ளைத்திரை கட்டினார்கள்.
கோயமுத்தூரில் ஒரு படத்தில் அவளும்
தெருவைக் குறுக்கே ஒருதரம் ஓட்டிப் போனாள்.
பேர் போடும்போது 'மற்றும் பலர்'.
"பலருன்னா எத்தனை பாயிண்டுங்க?"
சிரிக்காமல் கேட்டாள்.
பிறகு தாராபுரம் சந்தையில் பல்பொடிக்கு ஓட்டினாள்.
நோட்டீஸில் பல்பொடிதான் பெரிசு.

எழுபத்தெட்டில் எழுத்தை மாற்றினார்கள்.
தாலுகா ஆபீஸ் வேலை கிடைக்குமென்று முதலாளி
தும்பிக்கை வைத்த ஈயத்தையெல்லாம் உருக்கினார்.
வாசம் ரெண்டு நாள் சோற்றில் இருந்தது.

அந்தத் தையில் வந்தாள்:
'தெய்வானை வாடகை சைக்கிள் நிலையம்.
மணிக்கு நாற்பது பைசா.'
புரூப்பில் கடைசி எழுத்தைத் தடவினாள்.
"துதிக்கை எங்கீங்க?"
"கெவர்மெண்டு வெட்டிருச்சுங்க."
"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

முதலாளி காப்பிக்குப் போன நேரம்
பெட்டியடியில் துழாவி மரக்கட்டையை எடுத்தேன்.
மூன்றெழுத்து ஈயம், ஒன்று பூவரசு.
அது மட்டும் தலைதூக்கி நின்றது.
ஈயத்துக்கு அடியில் காகிதம் மடித்து வைத்து
ஒருவழியாய் ஓட்டினேன், நூறு நோட்டீஸ்.

வாடகைக்கு வந்த பையன்களில் ஒருவன்
"இதென்னங்க எழுத்து?" என்றானாம்.
பதில் சொல்லாமல்
முன்சக்கரத்தைத் தூக்கித் தெருமுனை வரை
ஓட்டிக் காட்டினாளாம். வயசு ஐம்பது.

மரக்கட்டையை அன்றைக்கே முந்தானையில் முடிந்து
எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
எழுத்துப் பெட்டியில் அந்தக் குழி காலி.
தீப்பெட்டி வைத்திருக்கிறேன்.