யார் வீட்டு ஃபங்ஷன்

"இன்னைக்கு ஃபங்ஷன் இருக்கு" என்றேன்.
"யார் வீட்ல?" என்றான் அண்ணன்.
அதற்குள் மொய்க் கவர் தேடி
அலமாரியைத் திறந்துவிட்டாள் அண்ணி.
ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேலே,
ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் என்று சொல்வதற்குள்
டவுன் பஸ் வந்துவிட்டது.
நூற்றியொரு ரூபாயை வாங்கிக்கொண்டே ஏறினேன்.

பகலெல்லாம் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைக் கணக்கு எனக்கு.
கட்டி வெள்ளியாக இவ்வளவு போனது,
கொலுசாக இவ்வளவு வந்தது,
நடுவில் சேதாரம்.
கம்பி இழுக்கிறவருக்கு வளையம் கோக்கிறவளைத் தெரியாது.
கோக்கிறவளுக்குப் பொடி வைத்து ஊதுகிறவனைத் தெரியாது.
போனதற்கும் வந்ததற்கும் எனக்கு ஒரு வரி போதும்.
அதனால் ஃபங்ஷன் சுலபம் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்து நாற்காலியில் நிதர்சன், டிப்ளமோ அரியர்.
எல்லாவற்றையும் மெயினுக்குள்ளேயே எழுதுகிறவன்.
நூற்று நாற்பத்தாறு வரி.
ஒரே ஆள் வாழைமரம் கட்டி, சாம்பார் ஊற்றி,
நாதஸ்வரமும் வாசித்துவிட்டு
மொய் எழுத உட்கார்ந்தது போல.
"ஓடுதுல்லக்கா?" என்பான்.
ஓடியது. எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை.

நான் பிரித்து எழுதினேன்.
இன்னார் பெயர், இன்னது கொண்டுவரவும்,
இன்னது திருப்பித் தரப்படும்
என்று மேலேயே ஒரு வரி.
பத்திரிகை வைக்காமல் கூப்பிட்டால்
பெரியப்பாவைப் போலவே முறுக்கிக்கொள்கிறது கம்பைலர்.
ரிட்டர்ன் எழுத மறந்த ஒரு ராத்திரி
இருநூறு கிராம் கொலுசுக்குச் சேதாரம்
மைனஸ் முப்பத்தெட்டு லட்சம் என்றது திரை.
முதலாளி பார்த்திருந்தால் பட்டறையைப் பூட்டியிருப்பார்.

இன்றைக்கு ஸ்வாப்.
இரண்டு எண்களை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.
ஏ-யில் ஐந்து, பி-யில் ஒன்பது.
உள்ளே அச்சடித்துப் பார்த்தேன்: ஒன்பது, ஐந்து.
வெளியே வந்து பார்த்தேன்: ஐந்து, ஒன்பது.
மறுபடியும்.
மறுபடியும்.
கீழே ஷட்டர் பாதி இறங்கும் சத்தம்.

"நீங்க குடுத்தது ஜெராக்ஸ்க்கா" என்றான் நிதர்சன்.
"உள்ள அதை என்ன பண்ணாலும்
ஒரிஜினல் வீட்லயேதான் இருக்கும்."
அவனுக்கு அரியர் வைத்ததே இந்தக் கேள்விதானாம்.

கொஞ்ச நேரம் நான் எதையும் தட்டவில்லை.

எடப்பாடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு
பதினான்கு மாதம் போய் வந்தவள் நான்.
அங்கே எனக்கு வேறு பெயர்.
நெற்றி வகிடு வேறு, தூங்கும் நேரம் வேறு,
ரசத்தில் வெல்லம் போடப் பழகியிருந்தேன்.
திரும்பி வந்த அன்று
"அப்படியேதான் இருக்கே, ஒன்னும் மாறலை"
என்றார்கள் எல்லோரும், சந்தோஷமாக.
ஃபங்ஷன் முடிந்ததும்
உள்ளே பிறந்த மாறிகள் அழிந்துவிடும் என்கிறது புத்தகம்.
போனது நகலாகவே இருந்திருக்கலாம்.
இன்னும் ரசம் கொதிக்கும்போது
கை வெல்ல டப்பாவுக்குப் போகிறது.

"அட்ரஸ் அனுப்புங்கக்கா, மதிப்பை அனுப்பாதீங்க.
முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டா
அந்த வீட்டுக்குள்ளயே போய் மாத்திடும்."
அம்மாப்பேட்டையில் எங்கள் கதவில்
பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தேழு.
கூரியர்காரன் இரண்டையும் நம்பமாட்டான்.
இந்த முகவரி நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து,
வாய்க்குள் நுழையாததாக இருந்தது.
ஆனால் போய்ச் சேர்ந்தது.
ஒன்பது, ஐந்து.
உள்ளேயும். வெளியேயும்.

மொய்க் கவரைப் பிரித்து
தட்டுவடை செட் வாங்கினோம் இரண்டு.
கார சட்னி அவனுக்கு இரண்டாம் முறை.
இதைத் திருப்பி எழுத நோட்டு ஏதும் இல்லை.

கடைசி பஸ்ஸில் வீடு வந்தபோது
அண்ணி விழித்திருந்தாள்.
கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.
"தாம்பூலப் பை ஒன்னும் குடுக்கலையா?"
"வாய்ட்" என்றேன்.
"அது எந்த ஊரு?" என்றாள்,
கதவைத் தாழிட்டபடி.